கேள்வி–பதில்: சுவர் நீலமா, ஊதாவா?

கேள்வி: சிவப்பு என்றால் கோபம், பச்சை என்றால் அமைதி என்று பட்டியல் போடுகிறார்களே, அதை வைத்துப் புகழ்பெற்ற ஆயில் பெயின்டிங்குகளைப் புரிந்துகொள்ளலாமா?

பதில்: அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். ஒரு நிறம் தனியாக நின்று எதுவும் சொல்வதில்லை. பக்கத்தில் என்ன நிறம் இருக்கிறது என்று பாருங்கள். டச்சு ஓவியர் வான் கோ 1888-இல் வரைந்த ‘இரவு காபி விடுதி’யில் சுவர் ரத்தச் சிவப்பு, கூரை பச்சை, நடுவில் பச்சை பில்லியர்ட்ஸ் மேசை. மனிதனின் பயங்கரமான வெறிகளைச் சிவப்பாலும் பச்சையாலும் சொல்லப் பார்த்ததாகத் தம்பி தேயோவுக்கு அவரே எழுதினார். பச்சையை அமைதி என்று மனப்பாடம் செய்தவர் இங்கே முழிக்க வேண்டியதுதான். சிவப்பைக் கொதிக்கவிடுவதே அந்தப் பச்சைதான். தொங்கும் விளக்குகளைக் கவனியுங்கள்: ஒளியைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கோடுகள் வளையமிட்டிருக்கும். வெளிச்சம் இதமாக இல்லை, கண்ணைக் குத்துகிறது.

கேள்வி: அதே வான் கோவின் ‘படுக்கையறை’ ஓய்வைச் சொல்லும் படமாம். எனக்கு அந்த நீலச் சுவர் ஜில்லென்றுதான் இருக்கிறது. என் ரசனையில் கோளாறா?

பதில்: உங்கள் ரசனைக்கு ஒன்றும் ஆகவில்லை, படம்தான் மாறிவிட்டது. 1888 அக்டோபரில் எழுதிய கடிதத்தில் சுவர் வெளிர் ஊதா என்கிறார். கட்டிலும் நாற்காலிகளும் புது வெண்ணெயின் மஞ்சள். அவர் ஊதாவுக்காகக் கலந்த சிவப்பு நிறமி வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுத்துப்போக, நீலம் மட்டும் மிஞ்சிவிட்டது. நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் வண்ணச் சக்கரத்தில் மஞ்சளுக்கு நேரெதிர் ஊதா. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அறையைத்தான் அவர் வரைந்தார். இன்றைய நீலத்தை வைத்து அவருடைய தனிமை, மனநோய் என்று பக்கம் பக்கமாக எழுதுபவர்களைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். முதலில் அவர் கடிதத்தைப் படிக்கலாமே!

கேள்வி: மேரி மாதாவுக்கு எப்போதும் நீல உடை ஏன்?

பதில்: தூய்மை, வானம் என்று விளக்கம் சொல்வார்கள். சரி, ஆனால் காசையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயர்ந்த நீலமான அல்ட்ராமரைன், இன்றைய ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டிய லாபிஸ் லாசுலி கல்லைப் பொடித்து எடுத்தது. தங்கத்தோடு போட்டி போடும் விலை. அதை மாதாவுக்குப் பூசுவது ஒருவகைக் காணிக்கை. இதைத் தெரிந்துகொண்டு 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ படத்தைப் பாருங்கள். சமையலறை வேலைக்காரி, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருக்கிறாள். இடுப்பில் கட்டிய ஏப்ரனில் அதே அல்ட்ராமரைன்! மலிவான நீலம் அப்போதும் கிடைத்தது. என்னைக் கேட்டால், வெர்மீர் சொன்னதிலேயே துணிச்சலான வார்த்தை அந்த ஏப்ரன்தான்.

கேள்வி: ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ இருட்டாக இருப்பதன் உட்பொருள் என்ன?

பதில்: உட்பொருள் வார்னிஷ். 1642-இல் அவர் வரைந்தது பகல் காட்சி. மேலே பூசிய வார்னிஷ் கறுத்துப்போனதால் இரவு என்று நினைத்துப் பிற்காலத்தார் வைத்த பெயர் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சுத்தம் செய்ததில் வெளிச்சம் திரும்பிவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை.

கேள்வி: யான் வான் ஐக்கின் ‘அர்னோல்ஃபினி’ படத்தில் பச்சை கவுன் பெண் கர்ப்பிணிதானே? பச்சை என்றால் கருவளமாமே?

பதில்: மறுபடியும் பட்டியலா! வயிற்றின் முன்னால் தெரிவது குழந்தை அல்ல, துணி. நீளமான கவுனை மடித்துத் தூக்கிப் பிடித்திருக்கிறார். 1434-இன் மோஸ்தர் அது. அத்தனை கஜம் கம்பளித் துணி, ஓரமெல்லாம் ரோமம். அர்னோல்ஃபினி என்ற வியாபாரியின் வீட்டில் பணம் இருக்கிறது என்பதைத்தான் அந்தப் பச்சை முதலில் சொல்கிறது.