பட்டா வருவதற்குள் ஊர்க்காட்டில் மரம் வெட்டிவிட்டார்கள், என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் தாளவாடி மலையில் வாழும் சோளகர்கள். சமூக வன உரிமைக்கு, அதாவது ஊரே சேர்ந்து காட்டைப் பயன்படுத்தும் உரிமைக்கு, மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். போன மாதம் ஒரு காண்டிராக்டரின் ஆட்கள் வேங்கை மரங்களை வெட்டி லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். நாங்கள் குடிக்கிற ஓடையும் சேறாகிவிட்டது. பட்டா இல்லாமல் வழக்குப் போட முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். காலங்காலமாக உங்களிடம் இருக்கும் உரிமையைத்தான் 2006 வன உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் பாதிக்கப்பட்டவர் யாரும் போகலாம், பட்டா கேட்கமாட்டார்கள்.

ஆனால் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் காட்டுக்குப் போங்கள். வேங்கையின் அடிக்கட்டையில் ரத்தம்போல் வடிந்த பிசின் இந்நேரம் காய்ந்து கறுத்திருக்கும். ஒரு மழை பெய்தால் லாரித் தடமும் போய்விடும். ஒவ்வொரு கட்டையின் சுற்றளவையும் அளந்து, டேப் தெரியும்படி படம் எடுங்கள். செல்போனில் லொகேஷன் ஆன் செய்திருக்கட்டும். அனுமதியோடு வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் பொதுவாக வனத்துறையின் சுத்தியல் முத்திரை இருக்கும். அது இல்லாத கட்டைகளைத் தனியாக எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். தேனும் கடுக்காயும் எடுக்கப் போகும் பெண்களையும் கூடவே அழைத்துப் போங்கள். என்னென்ன போயிற்று என்று அவர்களுக்குத்தான் கணக்குத் தெரியும், இழப்பீடு கேட்கும்போது அந்தக் கணக்கு வேண்டும்.

அப்புறம் கிராம சபை. பஞ்சாயத்து கூட்டுகிற சபை இல்லை, வன உரிமைச் சட்டப்படி உங்கள் குடியிருப்பே கூடுகிற சபை. பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். மரம் வெட்டியதைப் பற்றி அங்கே தீர்மானம் போட்டு, அதை ஆட்சியரிடமும் மாவட்ட வன அலுவலரிடமும் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள்.

சென்னையிலுள்ள தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் தருவார்கள். இழப்பீடும் ஓடைச் சீரமைப்பும் கேட்டு மனுப் போட மட்டும் 5 ஆண்டு அவகாசம் உண்டு. பலர் சறுக்குவது இங்கேதான்: வன உரிமைச் சட்டம் அந்தத் தீர்ப்பாயத்தின் வரம்பில் இல்லை. அதை மட்டும் நம்பி மனுப் போட்டால் நிற்காது. 1980 வனப் பாதுகாப்புச் சட்டம், 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டம் போன்றவற்றை வைத்து மனுவை எழுதச் சொல்லுங்கள். வன உரிமைக்காக உயர்நீதிமன்றத்தில் ரிட் போடலாம்.

காண்டிராக்டர் எஸ்.சி., எஸ்.டி. அல்லாதவர் என்றால் போலீசிலும் புகார் கொடுங்கள். பழங்குடியினரின் வன உரிமையில் குறுக்கிடுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். வருமானம் எவ்வளவு என்றாலும் பழங்குடியினருக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். ஈரோடு நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள், சாதிச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள்.