பாக்கி கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால்

கேள்வி: போன செமஸ்டர் கட்டணத்தில் பாக்கி இருக்கிறதாம். 30 நாளில் கட்டாவிட்டால் வசூல் நிறுவனத்திடம் ஒப்படைப்போம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கட்டும் வரை மதிப்பெண் சான்றிதழ் கிடையாது, அடுத்த செமஸ்டர் பதிவுக்கும் தடை என்றும் அதில் இருக்கிறது. கையில் முழுப் பணமும் இல்லை. பேசாமல் இருந்துவிடலாமா?

பதில்: அதை மட்டும் செய்துவிடாதீர்கள். முதலில் கணக்குப் பிரிவில் வரி வரியாக விவரம் போட்ட அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், உதவித்தொகை வரவு வைக்கப்படாமலோ, பாதியில் விட்ட பாடத்துக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறியோ இருக்கலாம். தொகை சரிதான் என்றால் அன்றைக்கே தவணை கேளுங்கள். வசூல் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டால் அவர்களுடைய கமிஷனும் உங்கள் தலையில் விழக்கூடும், அப்புறம் பல்கலைக்கழகத்தில் போய்ப் பேசினால் 'எங்கள் கையில் இல்லை' என்று சொல்லிவிடுவார்கள்.

மதிப்பெண் சான்றிதழைப் பிடித்து வைப்பது எனக்கு நியாயமாகவே படவில்லை, வேலை கிடைத்தால்தானே பாக்கியைக் கட்ட முடியும்? அதை அவர்களிடமே தயங்காமல் சொல்லுங்கள். தவணைக்கு ஒப்புக்கொண்டால், அடுத்த செமஸ்டர் பதிவுக்குப் போட்ட தடை முதல் தவணையிலேயே நீங்குமா, கடைசி வரை நிற்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரசீதிலும் உங்கள் பதிவு எண் சரியாக இருக்கிறதா என்று கவுன்டரிலேயே பார்த்துவிடுங்கள்.