அணுவுக்கு விருப்பம் உண்டா?

கேள்வி: “சோடியம் கடைசிக் கூட்டிலுள்ள ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துவிட விரும்புகிறது, குளோரின் வாங்கிக்கொள்ள விரும்புகிறது” என்று படித்தேன். அணுவுக்கு விருப்பம் எப்படி வரும்?
– பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர்

பதில்: வராதம்மா. முப்பது ஆண்டு வேதியியல் நடத்தியவன் நான். தொடக்கத்தில் நானும் ‘விரும்புகிறது’ என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். இதே கேள்வியை ஒரு மாணவன் கேட்க, கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

சோடியத்தின் எலக்ட்ரான் அமைப்பு 2, 8, 1. அந்தக் கடைசி ஒன்றுதான் இணைதிறன் எலக்ட்ரான், அதாவது பிணைப்பில் பங்கேற்பது. அது தானாகக் கழன்று வருவதில்லை. வாயுநிலையில் ஒரு மோல் (சுமார் 6 × 10²³) சோடியம் அணுக்களிலிருந்து அதைப் பிரிக்க 496 கிலோஜூல் செலவாகும். குளோரின் அணுக்கள் அதை ஏற்கும்போது கிடைப்பது 349 மட்டுமே. 147 கிலோஜூல் நட்டம்! பிறகு உப்பு எப்படி உருவாகிறது? எலக்ட்ரானை இழந்த சோடியம் நேர் அயனிகளும் அதைப் பெற்ற குளோரின் எதிர் அயனிகளும் நெருங்கிப் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது 787 கிலோஜூல் வெளிவருகிறது. கடனை அடைத்தது போக 640 மிச்சம்.

இவ்வளவு மிஞ்சுகிறதே, இரண்டாவது எலக்ட்ரானையும் இழந்தால் என்ன? அதற்கு 4,562 கிலோஜூல் வேண்டும். அது உள்கூட்டில், அணுக்கருவின் இறுகிய பிடியில் இருக்கிறது. அயனியின் மின்சுமை இரட்டிப்பாவதால் கிடைக்கும் கூடுதல் ஈர்ப்புகூட அந்தச் செலவை ஈடுகட்டாது. சோடியம் ஒன்றோடு நிற்பதற்கு இந்த ஒன்பது மடங்கு வித்தியாசம்தான் காரணம். வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் இருந்தால் அணு நிலைப்படும் என்ற எண்ம விதியை மனப்பாடம் செய்வதைவிட, இந்த இரண்டு எண்களை அருகருகே எழுதிப் பாருங்கள்.

கார்பனுக்கு வெளிக்கூட்டில் நான்கு. நான்கையும் பிடுங்கக் கட்டுப்படியாகாது, ஆகவே பங்கீடு. ஒரே ஜோடி எலக்ட்ரான்களை இரண்டு அணுக்கருக்களும் ஈர்க்கின்றன. 1916இல் வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் சொன்ன விளக்கம் இது.

மந்த வாயுக்களுக்கு வெளிக்கூடு நிரம்பிவிட்டது, அவை எதனோடும் சேராது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். வேதியியலாளர் நீல் பார்ட்லெட் கணக்கைப் பார்த்தார். பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு ஆகும் செலவும் மந்த வாயுவான செனானுக்கு ஆகும் செலவும் கிட்டத்தட்ட ஒன்றே, 1,170 கிலோஜூலை ஒட்டி. 1962இல் அந்தச் செந்நிற ஆவியைச் செனானோடு கலந்தார். அறை வெப்பநிலையிலேயே மஞ்சள் நிறத் திண்மம் படிந்தது; மந்த வாயுவும் சேர்மமாகிவிட்டது.