1947இல் விடுதலை, அப்புறம் 1950இல் எதற்குக் குடியரசு?

மகளின் பேச்சுப் போட்டிக்காக இதைக் கேட்டிருக்கிறீர்கள், நல்ல கேள்வி. காசிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். விடுதலை கிடைத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியும் நம் மக்கள் கையில் புழங்கிய காசில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலைதான் இருந்தது, நம் ராஜாஜிகூட 1948இல் அந்த மன்னரின் பிரதிநிதியாகத்தான் கவர்னர் ஜெனரல் ஆனார்.

தேர்தல் மட்டும் நடந்தால் குடியரசு ஆகிவிடாது. பிரிட்டனிலும் தேர்தல் உண்டு, ஆனால் நாட்டின் தலைமை பிறப்பால் வருகிறது. மன்னர் நல்லவரா கெட்டவரா என்பது பேச்சே இல்லை. நல்ல எஜமானிடம் இருக்கும் அடிமையும் அடிமைதானே, நாளைக்கு அவர் மனம் மாறினால் என்ன செய்வான்? எவர் தயவிலும் இல்லாமல் எல்லோருக்கும் பொதுவான சட்டத்தின் கீழ் வாழ்வது, எனக்கு அதுதான் குடியரசின் உயிர்.

1950இல் வந்த புதுக் காசில் மன்னர் தலை இருந்த இடத்தில் அசோகத் தூண் சிங்கங்கள்.