ஜோஷுவா ட்ரீ பாறைகளுக்கு நடுவே டென்ட்: ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டலாமா?

நங்கநல்லூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: மகன் லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறான். டிசம்பரில் நானும் கணவரும் (வயது 61, 66) போகிறோம். கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில், ஜம்போ ராக்ஸ் என்ற இடத்தில் இரண்டு இரவு டென்ட் போட்டுத் தங்கலாம் என்கிறான். ஆனால் இடமெல்லாம் நிரம்பிவிட்டதாம். தி.நகர் ஏஜென்ட் ஒருவர் 35,000 ரூபாய்க்கு 'கன்ஃபர்ம்' ஆன இடம் இருப்பதாகச் சொல்கிறார். கட்டலாமா? எங்களால் அங்கே தாக்குப்பிடிக்க முடியுமா?

ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

அங்கே டென்ட் போடும் இடத்துக்கு ஓர் இரவு வாடகை சில பத்து டாலர்தான். முன்பதிவு நடப்பது அமெரிக்க அரசின் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில். ஒருவர் எடுத்த பதிவை இன்னொருவருக்கு விற்கக் கூடாது என்பது விதி. ஏஜென்ட் தருவது யாரோ ஒருவர் பெயரில் உள்ள பதிவின் அச்சுப்பிரதியாக இருக்கும், அல்லது அதுகூட இருக்காது. போன வருடம் என்னிடம் வந்த ஒரு குடும்பம் இப்படிப் பணம் கட்டி, பூங்கா வாசல்வரை போய், இரவோடு இரவாக மோட்டல் தேடி அலைந்தது. சேவைக் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்று ரசீதிலேயே அடித்திருந்தார்கள். அந்த வரியைப் பணம் கட்டுமுன் படித்துக்காட்ட ஆள் இல்லை என்பதுதான் என் ஆத்திரம்.

முன்பதிவு ஆறு மாதத்துக்கு முன்பே திறந்து, குளிர்கால வாரக்கடைசிகள் சீக்கிரமே தீர்ந்துபோகும். விசா தேதிக்கே மாதக்கணக்கில் காத்திருக்கும் நம் ஊர்ப் பெற்றோர் அந்த வேகத்துக்கு எப்படி ஓடுவார்கள்? அந்த இடைவெளியில்தான் இந்த ஏஜென்ட்கள் பிழைக்கிறார்கள். ஆனால் பதிவுகள் ரத்தாகிக்கொண்டே இருக்கும். காலியானால் தகவல் சொல்லும் வசதி அதே தளத்தில் இலவசம். மகனை அதைப் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு. ஹிடன் வேலி, பெல், வைட் டேங்க் ஆகிய மூன்று முகாம்களுக்கு முன்பதிவே கிடையாது. முதலில் வருபவருக்கு இடம். மூன்றுமே பாறைகளுக்கு நடுவில்தான். வெள்ளிக்கிழமை மாலை போனால் ஏமாற்றம்தான். திங்கள் முதல் வியாழனுக்குள், காலையில், முந்தின இரவு தங்கியவர்கள் காலிசெய்யும் நேரத்தில் போக வேண்டும். இடம் கிடைத்ததும் டென்ட்டை அடித்துவிட்டுத்தான் ஊர்சுற்றக் கிளம்ப வேண்டும். டிசம்பர் கடைசி விடுமுறை வாரத்தில் இதை நம்பவே நம்பாதீர்கள். 'இந்த மூன்றில் எனக்கு ஆள் இருக்கிறது' என்று யார் சொன்னாலும் பொய். முன்பதிவு இல்லாத இடத்தை யாரும் முன்கூட்டிப் பிடித்துத் தர முடியாது.

இனி உங்கள் உடம்பு பற்றி. ஜம்போ ராக்ஸில் குடிநீர்க் குழாய் கிடையாது. கழிப்பறை உண்டு, தண்ணீர் வராத குழிக் கழிப்பறை. ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் தண்ணீராவது வேண்டும். நாலு பேர், மூன்று நாள் என்றால் 48 லிட்டர், நம் வீட்டுக்கு வரும் கேனில் இரண்டரை. அத்தனையையும் காரில்தான் ஏற்றிப் போக வேண்டும். இடம் 4,400 அடி உயரத்தில், ஏறக்குறைய ஏற்காடு மாதிரி. ஆனால் டிசம்பர் இரவில் குளிர் உறைநிலையைத் தொடும். பாலைவனம்தானே என்று மார்கழி ஸ்வெட்டரோடு போகிறவர்கள் விடியவிடியக் காரில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனவே என் யோசனை அதே பூங்காவின் பிளாக் ராக் முகாம். இதற்கும் முன்பதிவு அதே தளத்தில்தான். குடிநீரும், தண்ணீர் வரும் கழிப்பறையும் உண்டு. யக்கா வேலி ஊரும் பக்கத்திலேயே இருப்பதால் மருந்துக்கடைக்கு அலைய வேண்டாம். குறை ஒன்றுதான்: அங்கே பெரும்பாறைகள் இல்லை, ஜோஷுவா மரங்கள்தான். பாறைகளைப் பார்க்க ஊர் வழியாகச் சுற்றி மேற்கு வாசலுக்குப் போக வேண்டும். பகலில் ஜம்போ ராக்ஸ் போய், பக்கத்திலேயே இருக்கும் மண்டையோட்டுப் பாறையையும் பார்த்துவிட்டு, இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.

நம் மாமல்லபுரம் வெண்ணெய் உருண்டை போல அந்தப் பாறைகளும் கருங்கல் வகைதான், பூமிக்கடியில் விளிம்பு கரைந்து உருண்டவை. ஏறுவது சுலபமாகத் தெரியும், இறங்கும்போதுதான் முழங்கால் சொல்லும். அடியில் நின்றே பாருங்கள்.

கணவர் இன்சுலின் போடுபவராக இருந்தால் மருந்தைப் பகலில் காரிலும் இரவில் டென்ட்டுக்கு வெளியிலும் வைக்கக் கூடாது. வெயிலில் கெடும், உறைந்தாலும் கெடும். பூங்காவுக்குள் பெரும்பாலும் செல்போன் சிக்னல் கிடையாது. பதிவுச் சீட்டையும் வரைபடத்தையும் லாஸ் ஏஞ்சலிஸிலேயே தாளில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.