"சேதத்துக்குப் பொறுப்பல்ல" என்று கையெழுத்து வாங்கினால் செல்லுமா?

வீட்டுப் பழுது வேலைக்குப் போகிறவர்கள், பில்லின் அடியில் "எந்தச் சேதத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சடித்துக் கையெழுத்து வாங்கினால் போதுமா என்பது கேள்வி. இந்தியாவில் போதாது. உங்கள் கவனக்குறைவால் சேதம் வந்தால் அந்த வரியை நம்ப முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(46) நியாயமற்ற ஒப்பந்தத்தை, அதாவது வாடிக்கையாளரின் உரிமையைப் பெரிதும் பாதிக்கும் விதிகள் கொண்ட ஒப்பந்தத்தை, தனியாகவே வரையறுக்கிறது. வாடிக்கையாளர் புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசமும் உண்டு.

கைகொடுப்பது குறிப்பாக எழுதுவதுதான். பாத்ரூமில் கீசர் மாட்டத் துளை போடுகிறீர்களா? ஜாப் கார்டில் (வேலை விவரம் எழுதும் சீட்டில்) தமிழிலேயே எழுதுங்கள்: "சுவருக்குள் பைப் போகும் இடத்தை வீட்டுக்காரர் காட்டினார். காட்டாத பைப்பில் துளை விழுந்தால் அந்தச் செலவு அவருடையது. பழைய டைல்ஸ் விரிசல் விட்டால் மாற்று டைல்ஸ் அவர் தருவார், பதிக்கும் கூலி எங்களுடையது." டிரில்லை எடுக்கும் முன்பே கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள், ஏற்கெனவே உள்ள விரிசலைப் போட்டோ எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அந்த ஒரு போட்டோ இல்லாததாலும் சண்டை வரலாம்.