குமரித் தொகுதியும் மதக் கணக்கும்

கேள்வி: கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ், பா.ஜ.க. ஆகிய தேசியக் கட்சிகளே வெல்கின்றன. திராவிடக் கட்சிகளுக்கு அங்கே இடமில்லை. கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும் இந்துக்கள் ஒரு பக்கமும் நின்று வாக்களிப்பதுதானே இதற்குக் காரணம்? இதை வெளிப்படையாக எழுதத் தங்கள் பத்திரிகை ஏன் தயங்குகிறது?
– வாசகர் ஒருவர், மார்த்தாண்டம்

பதில்: தயக்கம் ஏதுமில்லை, தங்கள் கணக்கு விடைக்குப் பொருந்தி வரவில்லை என்பதுதான் சிக்கல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் இந்துக்கள் ஏறத்தாழ 49 சதவீதம், கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 47 சதவீதம். இந்த விகிதம் ஐந்தாண்டுக்கொரு முறை தலைகீழாக மாறிவிடுவதில்லை. ஆனால் தேர்தல் முடிவு மாறியிருக்கிறது. மாறாத ஒன்றைக் காட்டி மாறுகின்ற ஒன்றுக்குக் காரணம் சொல்ல முடியாது.

அண்மைக்கால எண்களையே முதலில் பார்க்கலாம். 2014இல் பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன் 3,72,906 வாக்குகள் பெற்று வென்றார். ஒன்றிய இணையமைச்சரும் ஆனார். 2019இல் அதே வேட்பாளர் 3,67,302 வாக்குகள் பெற்று, காங்கிரஸின் எச். வசந்தகுமாரிடம் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். இரண்டு தேர்தல்களிலும் அவர் பெற்ற வாக்குகளுக்கு இடையே உள்ள வேறுபாடு 5,604 மட்டுமே. வெற்றியையும் படுதோல்வியையும் ஏறத்தாழ ஒரே அளவு வாக்குகள் தந்திருக்கின்றன என்றால், மாறியது அவருக்கு வாக்களித்தவர்களின் மனமல்ல, எதிர்த்து நின்றவர்களின் அணி. 2014இல் காங்கிரஸ், அ.தி.மு.க., தி.மு.க., மார்க்சிஸ்ட் கட்சி என நால்வரும் தனித்தனியே நின்றார்கள். இரண்டு திராவிடக் கட்சிகளும் ஆளுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் பிரித்துக்கொண்டன. பதிவான வாக்குகளில் 40 சதவீதத்தைக்கூட எட்டாமலே பா.ஜ.க. வென்றது. 2019இல் தி.மு.க., காங்கிரஸ், இடதுசாரிகள் ஓரணியில் சேர்ந்ததும் வசந்தகுமாருக்கு 6,27,235 வாக்குகள் விழுந்தன. இரண்டு தேர்தல்களிலும் முதலிரண்டு இடங்களைப் பிடித்தவர்கள் இதே இரு இந்துக்கள்தான் என்பதைத் தங்கள் மதக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள் என்று தெரியவில்லை.

1998 முதல் 2024 வரை, இடைத்தேர்தல் உட்பட, இங்கு நடந்த எட்டு மக்களவைத் தேர்தல்களிலும் பா.ஜ.க. வேட்பாளர் பொன். ராதாகிருஷ்ணன்தான். வென்றது இரண்டு முறை. 2014ஐப் பற்றிச் சொல்லிவிட்டேன். மற்றொன்று 1999: அப்போது தி.மு.க. பா.ஜ.க.வோடு இருந்தது, மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) காங்கிரஸோடும் சேராமல் தி.மு.க.வோடும் சேராமல் தனி அணி அமைத்திருந்தது. ஓராண்டுக்கு முன்னர், 1998இல், அ.தி.மு.க.–பா.ஜ.க. அணி தமிழ்நாட்டின் 39 இடங்களில் 30ஐ வாரிக்கொண்டபோதும் அப்போது நாகர்கோவில் என்ற பெயரிலிருந்த இத்தொகுதி தி.மு.க. துணையுடன் நின்ற த.மா.கா.வின் என். டென்னிஸையே தேர்ந்தெடுத்தது. 2004இல் தி.மு.க., காங்கிரஸ், இடதுசாரிகள் கைகோத்ததும் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின் வென்றார். 2009இல் தி.மு.க.வின் ஹெலன் டேவிட்சன் வென்றார். திராவிடக் கட்சிகளுக்கு இடமில்லை என்று எழுதும்போது இவரை மறந்துவிட்டீர்கள் போலும். மக்களவைக்கு இங்கிருந்து ஒரு முறையும் போகாத பெரிய கட்சி அ.தி.மு.க. ஒன்றுதான்.

கூட்டணி என்றால் வெறும் கூட்டல் கணக்கும் அல்ல. 2019இல் அ.தி.மு.க. பா.ஜ.க.வின் பக்கம்தான் இருந்தது. முந்தைய தேர்தலில் அக்கட்சி தனித்துப் பெற்ற வாக்குகள் வந்து சேர்ந்திருந்தால் பா.ஜ.க.வின் எண் ஐந்து லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். அது ஏறவே இல்லை. குமரிக் கடற்கரையிலுள்ள இனயத்தில் சரக்குப் பெட்டக மாற்று முனையத் துறைமுகம் அமைக்க 2016இல் ஒன்றிய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்ததிலிருந்து கடற்கரை ஊர்கள் கொதித்துக்கொண்டிருந்தன. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல், கடலுக்குப் போனவர்களைத் தேடும் பணியில் அரசுகள் காட்டிய வேகக் குறைவின் மேல் ஆறாத கோபத்தை விட்டுச் சென்றது. கரையோர மக்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள் என்பதால் அவர்களது வாக்கை மத வாக்கு என்று எழுதிவிடுவது எளிது. துறைமுகத்துக்கும் புயலுக்கும் பதில் கேட்டவர்களை அப்படிக் கணக்கில் ஏற்றுவது நேர்மையல்ல.

திராவிடக் கட்சிகள் இங்கே மெலிந்திருப்பதன் வேரைக் காண வேண்டுமானால் 1956க்கு முன்னால் போக வேண்டும். முதல் பொதுத்தேர்தலின்போது நாகர்கோவில் தொகுதி சென்னை மாநிலத்தில் இல்லை, திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. அங்கிருந்து வென்றவர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் ஏ. நேசமணி. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரிய அந்தக் கட்சிதான் இங்கே மொழி உணர்வின் அரசியல் வடிவம். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது, சோஷலிஸ்ட் தலைவரான பட்டம் தாணு பிள்ளையின் ஆட்சியில். 1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழ்நாட்டுக்கு வந்தபின், போராடியவர்கள் காங்கிரஸோடு கலந்துவிட்டார்கள். வடக்கே தி.மு.க. எந்த உணர்வைத் தன் கொடியாக ஏந்தியதோ, அதைக் குமரியில் காங்கிரஸ் ஏற்கெனவே தன் கணக்கில் வரவு வைத்திருந்தது. 1967இல் காங்கிரஸின் கோட்டைகள் சரிந்தபோது நேசமணி இங்கே வென்றதற்கு இதுவே பின்புலம்.

நேசமணி 1968இல் மறைந்தார். விருதுநகரில் தோற்றிருந்த காமராசர் 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் இங்கே நின்று, ஆளுங்கட்சியான தி.மு.க.வின் ஆதரவு பெற்ற சுதந்திரா கட்சி வேட்பாளர் டாக்டர் மத்தியாஸை ஒன்றேகால் லட்சம் வாக்குகளுக்கு மேல் முந்தினார். காங்கிரஸ் பிளந்தபின் 1971இல், காமராசர் பக்கம் நின்ற ஸ்தாபன காங்கிரஸுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த ஒரே மக்களவை இடமும் இதுதான். மதம் பார்த்து வாக்களிக்கும் தொகுதி என்றால், கிறிஸ்தவரான நேசமணிக்கும் இந்துவான காமராசருக்கும் அடுத்தடுத்து அது எப்படி வாக்களித்தது?

மதத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட 1982 மண்டைக்காடு கலவரத்துக்குப் பிறகு இந்த மாவட்டத்தின் அரசியல் பேச்சே மாறியது. 1957இல் காங்கிரஸ் சார்பில் இதே தொகுதியில் வென்ற தாணுலிங்க நாடார் பின்னாளில் இந்து முன்னணியின் தலைவரானார். 1996இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு பா.ஜ.க.வின் முதல் உறுப்பினரை அனுப்பியது பத்மநாபபுரம். பா.ஜ.க.வுக்கு இங்குள்ள மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையான வாக்குகளை இந்த வரலாறு விளக்கும். அந்த வாக்குகள் எப்போது வெற்றியாகும், எப்போது ஆகாது என்பதை அது விளக்காது.

பழைய எண்களோடு ஒப்பிட முனையும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 2009க்கு முன் இது நாகர்கோவில் தொகுதி. கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி அப்போது திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியோடு இருந்தது. எல்லை மாறிய தொகுதியின் வாக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளர்ச்சி, தேய்வு பேசும் கட்டுரைகளைத் தேர்தல் காலத்தில் நிறையவே பார்க்கிறோம்.

வசந்தகுமார் மறைந்தபின் 2021இல் நடந்த இடைத்தேர்தலில், அ.தி.மு.க. உடனிருக்க, பா.ஜ.க. 4,38,087 வாக்குகள் வரை ஏறியது. அப்போதும் காங்கிரஸின் விஜய் வசந்த் 1,37,950 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 2024இல் அ.தி.மு.க. விலகி நிற்க, பா.ஜ.க. 3,66,341க்கு இறங்கியது, தனித்து நின்ற அ.தி.மு.க. நாம் தமிழருக்கும் பின்னால் நான்காம் இடத்துக்குப் போனது. எதிரணி சிதறாத வரை பா.ஜ.க. வேட்பாளருக்கு 2021இன் உச்ச எண்ணே போதவில்லை என்பதுதான் இன்றைய நிலவரம்.